ஞாயிற்றுக்கிழமை டேப்

லைட்ஹவுஸ் குப்பம்
14.12.2024

வினோத்து,

அக்கா எழுதறேன். எட்டாங்கிளாஸோட விட்ட எழுத்து, கோணலாத்தான் இருக்கும், பொறுத்துப் படி.

பக்கத்து வூட்டு போனுக்கு நீ ரெண்டு வாட்டி போட்டேன்னு சொன்னாங்க. நான்தான் வரமாட்டேன்னுட்டேன். எங்க போன் உங்க மாமா சட்டைப் பையிலயே போயிடுச்சு. இன்னொண்ணு வாங்க மனசு வரல. அன்னிக்கு ஒவ்வொரு வூட்லயா போன் அடிச்சு, ஒவ்வொருத்தியா வெளிய ஓடியாந்து, கடைசியில எல்லாரும் என்னையே பார்த்துகினு நின்னாங்க. அதுலேர்ந்து மணி சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கறேன். அதுவுமில்லாம நான் கேக்கப் போற விஷயத்தை இன்னொருத்தர் வூட்ல நின்னுகினு பேச முடியாது.

உங்க மாமா பதினாறாம் நாளுக்கு வந்தே, சாப்பிட்டும் சாப்பிடாம கிளம்பிட்டே. ஊர்ல இன்னா பேசிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாது. எங்க அர்ச்சனாவுக்குக் காது குத்தின மறுநாள், திங்கக்கிழமை விடியல்ல, உங்க மாமாவும் தங்கவேலும் போட் எடுத்தாங்க. பதினோரு மணிக்கு வாடைக் காத்து தூக்கி அடிச்சுது. முகத்துவாரத்துக்கு வடக்கால போட் கவுந்துச்சு. மூணாம் நாள் உங்க மாமா கரையில கிடைச்சாரு. தங்கவேலு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. லட்சுமி எட்டு மாச வவுத்தோட, என் புருஷன் முகத்தைப் பாக்காம தாலியை இறக்க மாட்டேன்னு உக்காந்துகினு இருக்கா.

காத்து வரும்னு தெரிஞ்சே ஜெகதீஸ்வரன் அந்தப் பையனை இட்டுனு போய் முழுகடிச்சுட்டான்னு ஊரே சொல்லுது. போனுக்கெல்லாம் எச்சரிக்கை வந்தது காலைல எட்டு மணிக்கு. அதுக்கு மூணு மணி நேரம் முந்தியே இவங்க போயாச்சு. ஆனா ஞாயித்துக்கிழமையே வானம் சரியில்ல, அவனுக்குத் தெரியாதான்னு கேக்கறாங்க.

எனக்கு ஒண்ணு தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பந்தி முடிஞ்சு நான் அண்டா தேய்ச்சுகினு இருந்தேன். அவரு வேலி ஓரமா நின்னு மீனவர் உதவி நம்பருக்குப் போன் போட்டாரு. திரும்பி வந்து, "போலாம்னு சொல்லிட்டாங்க, காத்து கம்மியாத்தான் இருக்குமாம்"னு என்கிட்ட சொன்னாரு. இதை நான் சொன்னா, பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவான்னு சிரிக்கறாங்க.

அந்த நம்பர்ல பேசறது எல்லாத்தையும் பதிவு பண்ணி வெக்கறாங்க, அது நீ வேலை பாக்கற ஆபீஸ்லதான் இருக்குதுன்னு நீயே ஒரு தபா சொல்லியிருக்கே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு, ஆறேகால் இருக்கும். அதை எடுத்துக் குடு. உன்னை நான் வேற எதுவும் கேட்டதில்ல.

தெய்வநாயகி


அம்பத்தூர்
21.12.2024

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

அந்த உதவி எண்ணை நடத்துகிறவர்கள் வேறு. அவர்களுடைய பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான் எங்கள் கம்பெனியின் வேலை. எல்லாப் பேச்சும் ஒரு பெரிய பெட்டிக்குள் போய்ச் சேரும். நெட்வொர்க் வழியாக எந்த கம்ப்யூட்டரிலிருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். அதை நாங்கள் வால்யூம் என்போம். நவம்பர் 11, திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வால்யூம் செத்துப்போனது. உள்ளே இருந்த டிஸ்க்குகளில் இரண்டு அடுத்தடுத்து போயின. காலை பத்து மணிக்கு உன் வீட்டிலிருந்து நேராக வந்து நான் உள்ளே நுழைந்தபோது எல்லா ஸ்கிரீனிலும் 'கிடைக்கவில்லை' என்ற ஒரே வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மதியம் எனக்கு உங்கள் செய்தி வந்தது. சரிசெய்யப் பெங்களூருக்கு அனுப்பிய டிஸ்க்குகளை ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படி ஆகலாம் என்றுதான் தினமும் டேப்பில் ஒரு நகல் எடுக்கிறோம். பழைய பாட்டு கேசட் மாதிரிதான், கொஞ்சம் தடிமன். ஆனால் எந்த டேப்பில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்ற பட்டியலும் அந்த வால்யூமிலேயே இருந்தது. அது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதனால் ஒவ்வொரு டேப்பையும் தலையிலிருந்து வால்வரை படித்துப் பட்டியலைப் புதிதாகக் கட்ட வேண்டும். முந்நூறுக்கும் மேல் டேப் இருக்கிறது. ஒரு டேப்புக்கு ஐந்து மணி நேரம் ஆகும். படிக்கிற டிரைவ் ஒன்றே ஒன்றுதான்.

முதலில் ஆஸ்பத்திரிக்காரர்களுடையதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு வேறு சில கம்பெனிகள். குரல் பதிவுகள் கடைசி வரிசையில்.

நம்பிக்கை வைக்காதே என்று சொல்லவில்லை அக்கா. ரொம்ப வைக்காதே.

அர்ச்சனாவின் காதுப் புண் ஆறிவிட்டதா?

வினோத்


லைட்ஹவுஸ் குப்பம்
5.1.2025

வினோத்து,

உன் லெட்டர் பாதி புரிஞ்சுது. டேப்புன்னு ஒண்ணு இருக்குது, அதுல அவரு பேச்சு இருந்தாலும் இருக்கும். அதை மட்டும் பிடிச்சுகினேன்.

நேத்து வாசல்ல கருவாடு திருப்பிப் போட்டுகினு இருந்தேன். லட்சுமி வந்தா. வவுத்தைப் பிடிச்சுகினு மெதுவா நடந்து வந்து, குனிய முடியாம குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மண்ணை வாரி என் வாசல்ல தூத்தினா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சபிக்கல. மண்ணு கருவாட்டு மேலயெல்லாம் விழுந்துது. எனக்கு அவ நிமிர முடியாம வுழுந்துடப் போறாளேன்னு பயமாப் போச்சு, கையைக் குடுக்கப் போனேன். "தொடாதே"ன்னா. அவ்ளோதான். பார்த்துகினு நின்ன பொம்பளைங்க எல்லாம் அவளை இட்டுனு போயிட்டாங்க. நான் உக்காந்து ஒவ்வொரு மீனா ஊதி ஊதி மண்ணைத் தட்டினேன்.

ஏலம் எடுக்கற இடத்துல என் பக்கத்துல யாரும் நிக்கறதில்ல. அர்ச்சனாவை ஸ்கூல்ல ஒரு புள்ள, "உங்கப்பாதான் தங்கவேலு மாமாவை முழுகடிச்சாரு"ன்னு சொல்லியிருக்குது. வூட்டுக்கு வந்து, "மெய்யாலுமாம்மா?"ன்னு என்னைக் கேக்கறா.

இதை உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கே இப்போ சந்தேகம் வருது. அவரு போன் பேசினதை நான் பார்த்தேன். அந்தப் பக்கத்துல இன்னா சொன்னாங்கன்னு என் காதால கேக்கல. போலாம்னு சொன்னாங்கன்னு அவரு சொன்னதுதான். காது குத்துக்காக நாலு நாளா போட் கரையில கிடந்துது. கடலுக்குப் போகாம அவருக்கு இருப்பு கொள்ளல. நான் தடுப்பேன்னும் அவருக்குத் தெரியும். எனக்குன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருப்பாரோ? பன்னெண்டு வருஷத்துல அவரு என்கிட்ட சொன்ன பொய்யெல்லாம் இப்போ உக்காந்து நினைச்சு நினைச்சுப் பாக்கறேன். ஒண்ணு ரெண்டு இருக்குது. அத்தனையும் கடலுக்குப் போறதுக்காகச் சொன்னதுதான்.

அதனால ஊருக்காக மட்டும் நான் கேக்கல. எனக்கும் வேணும்.

பொங்கலுக்கு வா. வூட்ல பொங்கல் வெக்கப் போறதில்ல, ஆனா நீ வரலாம். பொன்னேரி வரைக்கும் ரயிலு, அங்கேர்ந்து பஸ்ஸு. இதுக்குப் போய் ஒரு மாசமா வேலை வேலைன்னு சொல்றே. உங்க மாமா இருந்தப்போ மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்தவன்தானே நீ? யாருக்குப் பயந்துகினு வராம கீறே?

தெய்வநாயகி


அம்பத்தூர்
18.1.2025

அக்கா,

பொங்கலுக்கு வர முடியவில்லை. வேலை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வேலையும் இருந்தது.

உதவி எண்காரர்கள் நவம்பர் மாதப் பதிவுகளைக் கேட்டு எழுதிவிட்டார்கள். அதனால் மேனேஜர் குரல் டேப்புகளுக்கு நான்கு நாள் ஒதுக்கினார். நானே கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் டேப் டிரைவுக்குள் சிக்கி நின்றுவிட்டது. கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி போட்டதில் ஓடியது.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை டேப் கிடைத்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பதிவிலும் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை குரல்கள் அக்கா! கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள், நாகப்பட்டினத்து ஆட்கள், நம் பக்கத்துப் பேச்சும் ஒன்றிரண்டு. சிலர் டீசல் மானியம் பற்றிக் கேட்கிறார்கள். மற்ற எல்லோரும் காற்றைத்தான் கேட்கிறார்கள். நாளைக்கு எப்படி, நாளை மறுநாள் எப்படி. மாமாவின் குரல் எதிலாவது வந்துவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை.

சனிக்கிழமை, அதாவது நவம்பர் 9 டேப்பும் கிடைத்தது. அதில் சனிக்கிழமை இரவு வரை நடந்த பேச்சுகள் முழுதாக இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை டேப் ரேக்கில் இல்லை. அன்றைக்கு நகல் எடுப்பதில் ஒரு தடை ஏற்பட்டிருக்கிறது. திங்கள் விடியலில் வால்யூமும் போய்விட்டதால், அந்த ஒரு நாள் எங்குமே இல்லாமல் போனது.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

வினோத்


லைட்ஹவுஸ் குப்பம்
24.1.2025

வினோத்து,

"தடை ஏற்பட்டிருக்கிறது"ன்னு எழுதியிருக்கே. பேப்பர்ல எழுதற மாரி இருக்குது. நீ எனக்கு இப்படி எழுதறவன் இல்ல.

டேப் மாத்தறது உன் வேலைதான்னு அன்னிக்கு நீ சொன்னது இப்போதான் எனக்குப் புரியுது. அந்த வாரம் உன் முறைன்னும் சொன்னே, அதுக்காகத்தான் சாயங்கால பஸ்ஸுக்கே போகணும்னு நின்னே. ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். என் வூட்லதான் பாய் போட்டுப் படுத்துகினு இருந்தே.

நேரா பதில் சொல்லு.

லட்சுமிக்குப் போன செவ்வாக்கிழமை ஆம்பளைப் புள்ள பொறந்துது. நான் போய்ப் பாக்க முடியாது.

தெய்வநாயகி


அம்பத்தூர்
30.1.2025

அக்கா,

ஆமாம்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான் ஆபீசில் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை டேப் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புது டேப் போட்டுவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பத்தான் செய்தேன். நீ என் பையை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுச் சிரித்தாய். காலையில் போ என்று மாமாவும் சொன்னார். கூட வேலை பார்க்கிற தினகரனுக்குப் போன் செய்து, நீ போய் மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவன் ஊரில் இல்லை. ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் அக்கா, அதே வார்த்தையில். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். விடியலில் மாமா கிளம்பும்போது எழுந்துகூடப் பார்க்கவில்லை.

நீ நிறுத்தினாய் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போக வேண்டியவன் நான்.

பதினாறாம் நாள் உன் வீட்டில் என்னால் உட்கார முடியாமல் போனது இதனால்தான். அந்தப் பதிவை நீ கேட்பாய் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே முந்நூறு டேப் இருக்கிறது, வரிசை இருக்கிறது என்று கதை சொன்னேன். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் பொய் மாதிரிதான்.

இப்போது இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு நகல் எடுக்கும் வேலை தானாகவே தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை டேப்பில் மிச்சம் இருந்த இடத்தில் நாற்பது நிமிடம் எழுதியிருக்கிறது. டேப் தீர்ந்ததும் 'அடுத்த டேப் போடவும்' என்று கேட்டுவிட்டு விடியும்வரை காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாலில் இருப்பது முடிக்கப்படாத வேலை என்பதால் வழக்கமாகப் படிக்கும்போது கண்ணில் படாது. அதற்கென்று தனியாக உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பிரித்தெடுக்க வேண்டும். அன்றைய பேச்சுகளில் பாதிக்கும் குறைவாகத்தான் அந்த இடத்தில் அடங்கியிருக்கும், அதுவும் நேர வரிசையில் இருக்காது. மாமாவின் பேச்சு அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதைத் தொட மேனேஜரின் அனுமதி வேண்டும். ஏன் பாதியில் நின்றது என்று கேட்பார். அதனால் திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். கெட்டவர் இல்லை. "இதை நீ எழுதாமல் இருந்திருந்தால் டிஸ்க் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் போயிருப்போம்" என்றார். பிப்ரவரியோடு என்னை அனுப்பிவிடுவார்கள். அதுவரைக்கும் அந்த டேப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

நீ திட்டி எழுது. ஆனால் எழுது.

வினோத்


அம்பத்தூர்
22.2.2025

அக்கா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

கிடைத்தது. முழுதாக இல்லை.

மாமா பேசியது மூன்று நிமிடம் எட்டு நொடி என்று பதிவின் தலைப்பில் இருக்கிறது. டேப்பில் இருப்பது ஐம்பத்தோரு நொடி. அந்த டேப்பில் கடைசியாக எழுதப்பட்டது அவருடைய பேச்சுதான். அது பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்து ஒரு அங்குலம்கூட இல்லை. நான்கு வெவ்வேறு வழியில் முயன்று பார்த்தேன். விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவரும் இதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நீ கேட்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது என்று அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கம், மீனவர் உதவி மையம், அனிதா பேசறேன்."

"அம்மா, நான் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துலேர்ந்து பேசறேன். ஜெகதீஸ்வரன்."

"சொல்லுங்கண்ணா."

"நாளைக்குக் காத்து எப்டி இருக்கும்னு பார்த்துச் சொல்லும்மா. நாலு நாளா போகல. வாடை ஏர்ற மாரி தெரியுது எனக்கு."

"எந்தப் பக்கம் போறீங்கண்ணா?"

"முகத்துவாரத்துக்கு வடக்கால. ரொம்ப தூரம் இல்ல. நான் மட்டும்னா உன்னைக் கேட்டுகினு இருக்க மாட்டேன், போயிட்டு வந்துடுவேன். தங்கவேல்னு ஒரு தம்பி கூட வர்றான். அவன் பொஞ்சாதி ஏழு மாசம். அதான் கேக்கறேன்."

"சரிங்கண்ணா, லைன்லயே இருங்க, பார்த்துச் சொல்றேன்."

அப்புறம் கீபோர்டு தட்டுகிற சத்தம். பின்னால் உன் வீட்டு விசேஷத்துக்கு வந்த பிள்ளைகள் கத்துகிற சத்தம். ஒன்பது நொடி அப்படியே போகிறது. பிறகு அந்தப் பெண், "அண்ணா" என்கிறாள். அதோடு முடிகிறது.

அனிதா என்கிற அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டாளாம். அனுப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் அவள் வீடு. அவளுடைய அப்பா நிலத்திலிருந்து அப்போதுதான் வந்தார், முதலில் என்னை உள்ளே விடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவளே வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஐம்பத்தோரு நொடியையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நாளைக்கு நூத்தியிருபது போன் அண்ணா. எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதைப் படிப்பேன். அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல" என்றாள். அன்றைய ஸ்கிரீனில் என்ன இருந்தது என்பதும் அந்த வால்யூமில்தான் இருந்தது.

போகச் சொன்னாளா, போக வேண்டாம் என்றாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் போகலாம்னு சொல்லியிருந்தா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

மெமரி கார்டு போடுகிற சின்ன ரேடியோ ஒன்று வாங்கி, அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பச்சை பட்டனை அமுக்கினால் பேசும். உதவி எண்காரர்களே எழுத்தில் கேட்டு, குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று கடிதம் தந்துவிட்டார்கள். அதனால் யாராவது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் தைரியமாகச் சொல்.

அவர் கேட்டார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது அக்கா. என்ன பதில் கிடைத்தது என்பதற்கு இல்லை. அந்தப் பதில் என்னால்தான் இல்லை.

வினோத்


லைட்ஹவுஸ் குப்பம்
12.3.2025

வினோத்து,

ரேடியோ வந்துது. ரெண்டு நாள் பிரிக்காம அரிசிப் பானை மேல வெச்சிருந்தேன். மூணாம் நாள் அர்ச்சனா ஸ்கூலுக்குப் போனப்புறம் கதவைச் சாத்திகினு கேட்டேன். அவரு குரல் கொஞ்சம் மாறிக்கீது, மூக்கால பேசற மாரி. நாலு மாசத்துல நான்தான் மறந்துட்டேனா, இல்ல போன்ல அப்படித்தான் வருமான்னு தெரியல.

உனக்கு எழுதாம இருந்தேன். முதல்ல உன் மேல கோவம். அப்புறம் உன் பையை அரிசி மூட்டை பின்னால வெச்சவ யாருன்னு நினைச்சேன். அந்தக் கோவத்தை எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியல. இப்பவும் முழுசா போகல. உனக்கு வேலை போனது எனக்குக் கஷ்டமா இருக்குது. அதையும் சேர்த்து எழுதறேன், நீ எப்படி எடுத்துப்பியோ எடுத்துக்கோ.

போன வியாழக்கிழமை ரேடியோவை முந்தானையில சுத்திகினு லட்சுமி வூட்டுக்குப் போனேன். அவ அம்மா வாசல்லயே மறிச்சா. உள்ள இருந்து லட்சுமிதான், "வுடும்மா, இன்னாத்த கொண்டாந்துக்கீறான்னு பாக்கலாம்"னா. புள்ளை தூளியில தூங்குது. தாலி இன்னும் கழுத்துல இருக்குது. நான் ஒண்ணும் பேசாம கீழ உக்காந்து பட்டனை அமுக்கினேன்.

முடிஞ்சதும், "அப்புறம்? அவ இன்னா சொன்னா?"ன்னு கேட்டா.

"அதுக்கப்புறம் இல்ல"ன்னேன்.

"இல்லன்னா?"

எல்லாத்தையும் சொல்லிட்டேன். டேப் தீந்து போனது, மாத்த வேண்டியவன் என் தம்பி, அவனை அன்னிக்கு நிறுத்தி வெச்சவ நான். ஒண்ணு விடாம சொன்னேன். அவ என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டிட்டா தேவலைன்னு இருந்துச்சு. தூளிக் கயித்தைப் பிடிச்சு ஆட்டிகினு இருந்தா. அப்புறம், "அவருக்கே சந்தேகம் இருந்துக்குது. அதான் கேட்டுக்கீறாரு. சந்தேகம் இருந்தா ஏன் இட்டுனு போனாரு?"ன்னா.

"போலாம்னு சொல்லியிருப்பாங்க"ன்னேன்.

"யாரு கண்டா?"ன்னா.

நாலு மாசமா எதுக்காக உன்னைப் போட்டு அலைக்கழிச்சேனோ, அது கைக்கு வந்தும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியல என்னால. எழுந்துக்கலாம்னு ரேடியோவை எடுத்தேன். "இரு"ன்னா. "தங்கவேல்னு சொல்றாரு பாரு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தபா போடு."

அந்த இடம் மட்டும் தனியா போடத் தெரியல எனக்கு. முதல்லேர்ந்து போட்டேன். அவன் பேரு வந்ததும் கண்ணை மூடிக்கினா. அதுலேர்ந்து எத்தினி தபா போட்டோம்னு தெரியாது. புள்ளை முழிச்சுகினு அழுதுது, அவ எடுக்கல. நான்தான் எடுத்து மடியில போட்டுகினேன். அவ தடுக்கல.

கிளம்பறப்போ, "இது இங்கயே இருக்கட்டும்"னா.

எனக்கு அவரு குரல்னு வேற எதுவும் இல்ல வினோத்து. போன்ல இருந்தது எல்லாம் போனோட போச்சு. கையில வெச்சுகினு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். அப்புறம் தூளிக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டேன். எனக்குன்னு இன்னொண்ணு அனுப்பாதே. எப்போ வேணும்னு தோணுதோ அப்போ கேக்கறேன்.

ஊரு மாறலை. ஏலத்துல இன்னும் தனியாத்தான் நிக்கறேன். லட்சுமி என்கிட்ட பேசறதில்ல. ஆனா மண்ணும் தூத்தல. அவரு என்கிட்ட பொய் சொல்லலைன்னு நம்பிக்கறேன். சில நாள் நம்ப முடியுது.

நீ வா. இந்த மாசம் வேணாம். நான் எழுதறப்போ வா.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். காலைல கருவாட்டுக் கூடையோட கரைக்குப் போறது லட்சுமி வூட்டு வேலி ஓரமாத்தான். புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்துல அவ அதைப் போடறா. வேலியைத் தாண்டி உங்க மாமா குரல் தெருவுக்கு வருது. நிக்காம போயிடணும்னு தினமும் நினைச்சுகினுதான் வர்றேன். அந்தப் பொண்ணு லைன்லயே இருங்கன்னு சொல்றா, தட்டற சத்தம் கேக்குது. கூடையை இடுப்புக்கு மாத்திகினு நின்னுடறேன், இந்தத் தபாவாவது அவ சொல்லிடுவான்னு.

தெய்வநாயகி